நியூரோஃபீட்பேக்கா, மருந்தா, பெற்றோர் பயிற்சியா? கவனக்குறைவுள்ள குழந்தைக்கு எதை முதலில் தொடங்குவது

ஏழெட்டு வயதுக் குழந்தைக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு இருப்பதாக மருத்துவர் உறுதிசெய்தபின், பெற்றோர் முன் வழக்கமாக மூன்று வழிகள் வந்து நிற்கின்றன. மருத்துவர் மாத்திரையைப் பற்றிப் பேசுகிறார். உளவியலாளர் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியைப் பரிந்துரைக்கிறார். இதற்கிடையில் உறவினர் ஒருவரோ உடன் படிக்கும் பிள்ளையின் தாயோ, தலையில் மின்முனைகளை ஒட்டித் திரையைப் பார்க்க வைத்து மூளையைப் பழக்கும் நியூரோஃபீட்பேக் மையம் ஒன்றின் முகவரியைத் தருகிறார். மாத்திரை என்றதும் அச்சம் எழுவது இயல்பு. அந்த அச்சத்தில் இருக்கும் மனம் ‘மருந்தே வேண்டாம்’ என்ற சொல்லுக்கு எளிதில் இணங்கிவிடுகிறது. ஆகவே மூன்றையும் ஒரே அளவுகோல்களால் அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது. நியூரோஃபீட்பேக்கை மோசடி என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. அதற்கு நீண்ட, நேர்மையான ஆய்வு வரலாறு உண்டு. ஆயினும் ஒரு குடும்பம் தன் பணத்தையும் மாதங்களையும் முதலில் செலவிட வேண்டிய இடம் அதுவாக இருக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

## எவற்றைக் கொண்டு அளப்பது

முதலாவது அளவுகோல் சான்றின் தரம். குழந்தைக்கு எந்தச் சிகிச்சை கிடைத்தது என்று தெரியாத ஒருவர் மதிப்பிடும்போதும் முன்னேற்றம் தென்படுகிறதா என்பதே இங்கு கேள்வி. நாற்பது முறை அலைந்து திரிந்து குழந்தையை அழைத்துச் சென்ற தாய், அவன் சற்றே அமைதியாக உட்கார்ந்தாலும் அதைப் பெரிதாகக் காண்பார். அதில் தவறில்லை, ஆனால் அது சிகிச்சையின் விளைவுக்குச் சான்றாகாது. இரண்டாவது, அந்த வழி எதைத் தொடுகிறது என்பது: கவனச் சிதறலையும் துறுதுறுப்பையுமா, அல்லது அவற்றால் வீட்டில் விளையும் சண்டை, பிடிவாதம், முடிக்கப்படாத வீட்டுப்பாடம் ஆகியவற்றையா? மூன்றாவது, பலன் உண்டா இல்லையா என்று எத்தனை நாளில் தெரியவரும் என்பது. பணம், பயணம், தவறும் பள்ளி நேரம், பக்கவிளைவு, நிறுத்தியபின் என்ன ஆகும் என்பன அடுத்து வருகின்றன.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, நோயறிதல் சரிதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். காது சரியாகக் கேட்காத குழந்தையும், மூக்கின் பின்புறச் சதை வளர்ச்சியால் இரவெல்லாம் குறட்டைவிட்டு அரைத்தூக்கத்தில் இருக்கும் குழந்தையும், கற்றல் குறைபாட்டால் பாடம் புரியாமல் வேடிக்கை பார்க்கும் குழந்தையும் கவனக்குறைவு உள்ளவர்கள்போலவே தோன்றுவார்கள். சில மையங்கள் மூளை மின்னலை வரைபடத்தை மட்டும் வைத்து நோயை முடிவுசெய்கின்றன. மருத்துவ மதிப்பீட்டுக்குப் பதிலாக அத்தகைய பதிவில் தெரியும் அலைகளின் விகிதத்தைக் கொண்டு ஏ.டி.எச்.டி.யை உறுதிசெய்யக் கூடாது என்று அமெரிக்க நரம்பியல் கழகம் 2016இல் அறிவுறுத்தியிருக்கிறது. வண்ணப் படத்தைக் காட்டி நோயின் பெயரைச் சொல்லும் இடத்தில், வேறு எதுவும் கேட்காமலே எழுந்து வந்துவிடலாம்.

## நியூரோஃபீட்பேக்

### அது எப்படி வேலை செய்கிறது

ஜெர்மனியின் யேனா நகரில் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் முதன்முதலாக மனிதத் தலையின் மேற்பரப்பிலிருந்து மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்தார்; 1929இல் அதை வெளியிட்டார். மண்டை ஓட்டைத் தாண்டி வெளியே வரும் இந்த மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு மட்டுமே. கல்யாண மண்டபத்துக்கு வெளியே நிற்பவருக்குக் கெட்டிமேளம் எழுந்தது தெரியும், உள்ளே யார் என்ன பேசினார் என்பது தெரியாது, இ.இ.ஜி. எனப்படும் மூளை மின்னலைப் பதிவும் அதுபோல, பல லட்சம் நரம்பணுக்கள் ஒரே தாளத்தில் இயங்கும்போது எழும் கூட்டொலியையே பிடிக்கிறது. அந்தத் தாளங்களை வேகத்தைக் கொண்டு பிரிக்கிறார்கள்: 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு 4 முதல் 8 அலை வரை, தீட்டா, 8 முதல் 12 வரை ஆல்ஃபா, அதற்கு மேல் பீட்டா. மயக்கமும் உறக்கச் சாயலும் கூடும்போது தீட்டாவும், விழிப்போடு ஒன்றில் ஈடுபடும்போது பீட்டாவும் ஓங்குவதுண்டு.

பயிற்சியில் உச்சந்தலையில் ஒன்றோ சிலவோ மின்முனைகளைப் பசைபோன்ற களிம்பு தடவி ஒட்டுகிறார்கள், காதுமடலில் இன்னொன்று. கணினி அலைகளை உடனுக்குடன் பிரித்து, தீட்டா குறைந்து பீட்டா கூடும் கணத்தில் திரையிலுள்ள படத்தைத் தெளிவாக்குகிறது அல்லது விளையாட்டில் வண்டியை நகர்த்துகிறது; அந்த நிலை கலைந்தால் படம் மங்குகிறது. எதைச் செய்தால் வண்டி நகர்கிறது என்று குழந்தையால் சொல்ல முடியாது, ஆனால் பரிசு கிடைக்கும் நிலையை மூளை மீண்டும் மீண்டும் நாடிக் கற்கிறது என்பதே இதன் கோட்பாடு. மூளைக்குள் எந்த மின்சாரமும் செலுத்தப்படுவதில்லை. கருவி பதிவு மட்டுமே செய்கிறது என்பதைப் பெற்றோர் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் பலருக்கு முதலில் எழும் பயமே அதுதான்.

இந்தக் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்டவை பூனைகள். 1960களில் லாஸ் ஏஞ்சலிஸில் பேரி ஸ்டெர்மன், 12 முதல் 15 ஹெர்ட்ஸ் வரையிலான ஒரு தாளத்தைத் தாமாகக் கூட்டினால் உணவு கிடைக்கும்படி பூனைகளைப் பழக்கினார். பிறகு அமெரிக்க விமானப்படைக்காக ராக்கெட் எரிபொருளின் நச்சுத்தன்மையை அவர் சோதித்தபோது, அந்தப் பயிற்சி பெற்றிருந்த பூனைகளுக்கு மட்டும் வலிப்பு தாமதமாகவே வந்தது. உணவின் மீதான எதிர்பார்ப்பைத் தவிர வேறு எந்த நம்பிக்கையும் பூனைக்கு இருக்க முடியாது என்பதால் இந்த முடிவு கனமானது. 1972இல் அவர் வலிப்பு நோயுள்ள ஒரு பெண்ணுக்கு இதே பயிற்சியை அளித்து வெளியிட்டார். 1976இல் டென்னசி பல்கலைக்கழகத்தின் ஜோயல் லூபர் மிகையியக்கமுள்ள ஒரு குழந்தையிடம் அதைப் பயன்படுத்தினார். இன்றைய மையங்களில் பல அந்தக் கிளையிலிருந்து வளர்ந்தவையே.

### சான்று என்ன சொல்கிறது

2009இல் மார்டைன் ஆர்ன்ஸ் குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து, கவனக்குறைவிலும் அவசரத்தன்மையிலும் பெரிய அளவில் முன்னேற்றம் இருப்பதாகக் கூறினர். மையங்களின் துண்டறிக்கைகள் இன்றும் சார்ந்து நிற்பது இந்தத் தொகுப்பைத்தான். ஆனால் அந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி, குழந்தை பயிற்சி பெறுகிறது என்று அறிந்த பெற்றோர் இட்ட மதிப்பெண்களிலிருந்து வந்தது.

அந்த ஐயத்தைத் தீர்ப்பதற்கென்றே அமெரிக்காவில் ஓர் ஆய்வு கவனமாக வடிவமைக்கப்பட்டு 2021இல் வெளியானது. 7 முதல் 10 வயது வரையிலான 144 குழந்தைகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உண்மையான தீட்டா–பீட்டா பயிற்சி. மற்றதற்கு, முன்பே பதிவான வேறொரு அலைப்பதிவைக் கொண்டு, அக்குழந்தையின் சொந்தக் கண்சிமிட்டலும் அசைவும் அதில் கலக்கும்படி அமைத்த போலிப் பயிற்சி. குழந்தைக்கும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும், பயிற்சி அளித்தவருக்குங்கூட எது உண்மை என்று தெரியாது. 38 அமர்வுகள் முடிந்தபோது உண்மைப் பயிற்சி பெற்றவர்கள் பெரிதும் முன்னேறியிருந்தார்கள். போலிப் பயிற்சி பெற்றவர்களும் ஏறக்குறைய அதே அளவு முன்னேறியிருந்தார்கள். 13 மாதத்துக்குப் பிறகும் இரு பிரிவினரிடமும் முன்னேற்றம் நிலைத்திருந்தது, வேறுபாடு எழவில்லை. உண்மைப் பயிற்சி பெற்றவர்களுக்குப் பின்னாளில் மருந்துத் தேவை சற்றுக் குறைந்திருந்தது என்ற துணை முடிவு ஒன்றும் அதில் உண்டு. அதை மறைப்பது நியாயமில்லை, ஆனால் அந்த ஒன்றின் மேல் முழு நம்பிக்கையையும் ஏற்றவும் முடியாது. 38 ஆய்வுகளைத் தொகுத்து 2024 இறுதியில் வெளியான மதிப்பாய்வும், எந்தச் சிகிச்சை என்ற விவரம் அறியாதவர் இட்ட மதிப்பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒட்டுமொத்தப் பலன் தென்படவில்லை என்றே கூறியது. நெடுநாள் வழக்கிலுள்ள செந்தரமான முறைகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது சிறிய பலன் ஒன்று தெரிந்தது.

போலிப் பயிற்சி பெற்ற குழந்தைகள் ஏன் முன்னேறினார்கள் என்பதுதான் எனக்கு இந்த ஆய்வின் மிக முக்கியமான பகுதி. வாரம் இருமுறை அல்லது மும்முறை ஒரு பெரியவர் அக்குழந்தையின் அருகில் பொறுமையாக அமர்ந்து, திட்டாமல், சிறு வெற்றியையும் பாராட்டுகிறார். அசையாமல் உட்கார்ந்தால் படம் தெளிவாகிறது. அசைந்தால் கண்ணிமையும் தாடைத் தசையும் எழுப்பும் மின்குறிகள் பதிவைக் கெடுத்துவிடுகின்றன, ஆகவே உட்காரும் பழக்கமே ஒரு பயிற்சியாகிவிடுகிறது. பெற்றோரின் நம்பிக்கை வீட்டின் தொனியை மாற்றுகிறது. இந்தச் சில மாதங்களில் குழந்தை வளர்ந்தும் விடுகிறது. இவை அனைத்தும் உண்மையான நன்மைகள். ஆனால் இவற்றைப் பெற மின்முனை தேவையில்லை.

தூக்கமின்மையிலும் கதை இதுவே: ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில் உண்மைப் பயிற்சி போலிப் பயிற்சியை விஞ்சவில்லை. கொடுந்துயரை அனுபவித்தபின் வரும் மன அதிர்வு நோயில் 52 பேரிடம் நடந்த 2016ஆம் ஆண்டு ஆய்வு நல்ல பலன் காட்டியது என்றாலும், அதில் ஒப்பிடப்பட்டவர்கள் பயிற்சி ஏதும் இன்றிக் காத்திருந்தவர்கள். வலிப்பு நோயாளர் எவரும் இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

### மறைந்திருக்கும் செலவு

30 முதல் 40 அமர்வு வரை தேவை என்று மையங்களே சொல்கின்றன. ஓர் அமர்வுக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 40 அமர்வுக்கு 40,000 ரூபாய் ஆகிறது. முதல் மதிப்பீட்டுக் கட்டணமும், வாரம் இரண்டு மாலைகளில் வண்டிச் செலவும், உடன் செல்பவர் இழக்கும் வேலை நேரமும் தனி. மொத்தத் தொகையையும் முன்கூட்டிக் கட்டச் சொல்லும் இடத்தில், இடையில் நிறுத்தும் சுதந்திரம் பெற்றோருக்கு இல்லாமல் போகிறது. பக்கவிளைவு என்று பார்த்தால் சிலருக்குத் தலைவலி, களைப்பு அவ்வளவே. எல்லாவற்றினும் பெரிய செலவு, கண்ணுக்குத் தெரியாமல் கழியும் நான்கைந்து மாதங்கள். மூன்றாம் வகுப்பில் எழுத்தும் வாய்ப்பாடும் பிடிபட வேண்டிய அரைக் கல்வியாண்டை, வேலை செய்யும் என்று உறுதியில்லாத ஒன்றுக்குக் கொடுத்துவிட்டால் அதை யாராலும் திருப்பித் தர முடியாது.

வீட்டிலேயே அணிந்துகொள்ளும் தலைப்பட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றின் உலர்ந்த மின்முனைகள் நெற்றியில் அமர்கின்றன. கண்ணும் நெற்றித் தசையும் எழுப்பும் குறுக்கீடு மிகுதியாக உள்ள இடம் அதுவே. வாங்குவதற்கு நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

## மருந்து

1937இல் அமெரிக்காவின் ராட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், நடத்தைச் சிக்கலுள்ள குழந்தைகள் ஆம்ஃபெட்டமின் வகை மருந்தால் பாடத்தில் ஒன்றத் தொடங்கியதைக் கண்டார். இன்று முதலில் தரப்படுவது மெத்தில்ஃபெனிடேட். மூளையில் செய்தி கடத்தும் டோப்பமின், நார்அட்ரினலின் ஆகிய இரண்டு வேதிப்பொருள்களும் நரம்பணுக்களுக்குள் திரும்ப உறிஞ்சப்படுவதை இது தடுக்கிறது. அதனால் ஒரு வேலையில் நிலைத்திருக்கும் திறன் கூடுகிறது. 133 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஒப்பீடு, குழந்தைகளுக்குக் குறுகிய காலத்தில் முதலில் தரத்தக்கது இதுவே என்று முடிவுசெய்தது. கவனச் சிதறல், துறுதுறுப்பு ஆகிய மைய அறிகுறிகளில், விவரம் அறியாதவர் மதிப்பிட்டாலும் தெளிவாக நிற்கும் பலன், மூன்று வழிகளில் இதனுடையது மட்டுமே என்று சொல்லலாம்.

பலன் உண்டா என்பது வாரங்களில் தெரிந்துவிடும். சாதாரண மாத்திரை அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கி நான்கு மணி நேரம் அளவில் அடங்கிவிடும்; பயனில்லை என்றால் நிறுத்திவிடலாம். அந்த எளிமையே அதன் எல்லையும் ஆகும், ஏனெனில் மாத்திரை அடங்கியபின் அது எதையும் கற்றுக்கொடுத்துவிட்டுப் போவதில்லை.

பசி குறைவது மிகப் பரவலான தொல்லை. மதியச் சோற்றுப் பாத்திரம் அப்படியே திரும்பிவரும். அதற்கு ஈடாகக் காலையிலும் இரவிலும் நிறையக் கொடுக்கப் பழக வேண்டும். தூக்கம் தள்ளிப்போகலாம், தலைவலியும் வயிற்றுவலியும் வரலாம், நாடித் துடிப்பு சற்றுக் கூடும், நெடுநாள் எடுத்துக்கொண்டால் உயர வளர்ச்சி சிறிது குறையலாம். குடும்பத்தில் இளவயது இதய நோயோ திடீர் மரணமோ இருந்தால் மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும். இந்தியாவில் இது எக்ஸ் அட்டவணை மருந்து. சீட்டை இரண்டு பிரதியாக எழுதித் தர வேண்டும், ஒரு பிரதியை மருந்துக்கடை வைத்துக்கொள்ளும். எல்லாக் கடையிலும் கிடைக்காது. சிற்றூரில் இருப்பவர்களுக்கு மாதந்தோறும் நகரத்துக்கு ஒரு பயணம் என்பதுதான் இதன் மறைமுகச் செலவு. மெத்தில்ஃபெனிடேட்டின் பக்கவிளைவைத் தாங்க முடியாதவர்களுக்கு ஆட்டமாக்செட்டின் என்ற வேறு வகை மருந்தும் உண்டு. அது பலன் காட்டச் சில வாரங்கள் பிடிக்கும்.

## பெற்றோர் பயிற்சி

இதில் பயிற்சி பெறுவது குழந்தை அல்ல, பெற்றோர். வழக்கமாக எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை, வாரம் ஓர் அமர்வு. ‘ஒழுங்கா இரு’ என்று அறையின் மறுகோடியிலிருந்து கத்துவதற்குப் பதிலாக, அருகில் சென்று, கண்ணைப் பார்த்து, ‘கணக்கு நோட்டை எடுத்து மேசைமேல் வை’ என்று ஒரே ஒரு வேலையைச் சொல்லப் பழக்குகிறார்கள். செய்து முடித்த அந்த நொடியில் எதைப் பாராட்டுகிறோம் என்று சொல்லிப் பாராட்டுவது, புள்ளிகள் சேர்த்து விருப்பமான ஒன்றைப் பெறச்செய்வது, அடிக்குப் பதிலாகச் சலுகையைச் சிறிது நேரம் நிறுத்திவைப்பது என்று அது விரிகிறது. ஆசிரியர் ஒத்துழைத்தால், மூன்று இலக்குகள் எழுதிய ஓர் அட்டையில் தினமும் சரிக்குறி இட்டு வீட்டுக்கு அனுப்பச் சொல்லலாம். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பிலும் இது ஒரு நிமிட வேலைதான்.

நியூரோஃபீட்பேக்குக்கு வைத்த உரைகல்லையே இதற்கும் வைக்க வேண்டும். 2013இல் எட்மண்ட் சொனூகா–பார்க் குழுவினர் வெளியிட்ட தொகுப்பில், விவரம் அறியாதவர் மதிப்பிட்டபோது நடத்தைச் சிகிச்சைகள் கவனக்குறைவின் மைய அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க பலன் காட்டவில்லை. ஆனால் அதே குழுவினர் சேர்ந்த அடுத்த தொகுப்பில், முரண்டும் எதிர்ப்பும் குறைவதும், பெற்றோரின் அணுகுமுறை மேம்படுவதும் அத்தகைய மதிப்பீட்டிலும் நின்றன. அதாவது குழந்தையின் கவனம் அப்படியே இருந்தாலும் வீடு வாழத்தக்கதாகிறது. 579 குழந்தைகளிடம் நடந்து 1999இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்விலும் மைய அறிகுறிகளில் மருந்தே முந்தியது. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு மருந்தின் அளவு குறைவாகவே போதுமானதாக இருந்தது. மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது பிரிவுகளுக்கிடையிலான வேறுபாடு மறைந்துவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மருந்தைத் தொடங்கிவைத்துவிட்டுக் கண்காணிப்பை விட்டுவிட முடியாது.

இதன் செலவு பணத்தில் குறைவு, உழைப்பில் அதிகம். அம்மா புள்ளி அட்டையை ஒட்டிவைக்க, தாத்தா பரிதாபப்பட்டுக் கைபேசியை எடுத்துக் கொடுத்தால் பத்து வார உழைப்பு ஒரு மாலையில் கரையும். வீட்டிலுள்ள பெரியவர்கள் ஒருமுறையேனும் பயிற்சியாளரைச் சந்திப்பது அதனால்தான் தேவையாகிறது. பெற்றோரில் ஒருவருக்கும் இதே கவனக்குறைவு இருந்தால், இது மரபில் வருவது என்பதால் அப்படி இருப்பதும் அரிதன்று, ஒழுங்கைக் கடைப்பிடிப்பது அவருக்கு மேலும் கடினம். அவருக்கும் உதவி வேண்டும்.

## அருகருகே வைத்துப் பார்த்தால்

| | நியூரோஃபீட்பேக் | மருந்து | பெற்றோர் பயிற்சி |
|---|---|---|---|
| விவரம் அறியாதவர் மதிப்பீட்டில் மைய அறிகுறிகள் | பலன் இல்லை அல்லது மிகச் சிறிது | தெளிவான பலன் | பலன் உறுதிப்படவில்லை |
| முரண்டு, வீட்டுச் சண்டை | பலன் உறுதிப்படவில்லை | ஓரளவு குறையும் | தெளிவான பலன் |
| பலன் தெரிய | மாதங்கள் | நாள்கள் முதல் வாரங்கள் | சில வாரங்கள் |
| உடலுக்குத் தொல்லை | மிகக் குறைவு | பசி, தூக்கம், வளர்ச்சியைக் கவனிக்க வேண்டும் | இல்லை |
| மறைமுகச் செலவு | பணமும் அரைக் கல்வியாண்டும் | மாதாந்திரப் பயணம், தொடர் பரிசோதனை | முழுக் குடும்பத்தின் உழைப்பு |

## யாருக்கு எது

ஆறு வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்குப் பெற்றோர் பயிற்சியே முதலில்; அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் அப்படியே சொல்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை மருந்தையும் நடத்தைப் பயிற்சியையும் சேர்த்தே அது பரிந்துரைக்கிறது. மூளை மின்னலைப் பயிற்சியை, பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லாத அல்லது பலன் குறைவான முறைகளின் வரிசையில் வைக்கிறது. படிப்பு கைநழுவிக்கொண்டிருக்கும் குழந்தைக்கும், சாலையில் பாராமல் ஓடி ஆபத்தில் சிக்கும் குழந்தைக்கும் மருந்தைத் தள்ளிப்போடுவது நல்லதன்று. அறிகுறிகள் இலேசானவையாகவும், வீட்டில் நாளும் நடக்கும் போராட்டமே பெருந்தொல்லையாகவும் இருந்தால் பெற்றோர் பயிற்சியோடு மட்டும் தொடங்கலாம். செலவுக்கு அஞ்சுபவர்கள், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் இயங்கும் இளம்பருவ இடையீட்டு மையங்களில் மதிப்பீட்டைத் தொடங்கலாம்.

நியூரோஃபீட்பேக் பொருந்தும் குடும்பமும் உண்டு. மருந்தைப் பசியின்மையாலோ வேறு காரணத்தாலோ தொடர முடியாமல் போய், பெற்றோர் பயிற்சியை நடத்திக்கொண்டிருக்கும்போதே, மேலும் ஒன்றை முயல விரும்பும், பணம் இழந்தாலும் நிலைகுலையாத குடும்பம் அது. அப்போதும் சில நிபந்தனைகளை விட்டுக்கொடுக்கக் கூடாது. எந்த அலையை, தலையின் எந்த இடத்தில், ஏன் பழக்குகிறார்கள் என்று அவர்கள் தெளிவாகச் சொல்ல வேண்டும். கண்சிமிட்டலையும் தசை அசைவையும் எப்படி நீக்குகிறார்கள் என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்குத் தடுமாறும் இடத்தில், குழந்தையின் தாடை இறுக்கத்துக்கும் பரிசு போய்ச்சேரும். மருந்தை நிறுத்தினால்தான் சேர்ப்போம் என்று சொல்பவரிடம் சேரக் கூடாது. கட்டணத்தை அமர்வுக்கு அமர்வு கட்ட வேண்டும். குழந்தை இந்தப் பயிற்சிக்குப் போவதை வகுப்பாசிரியரிடம் சொல்லாமல், தொடங்குமுன் ஒருமுறையும் பதினைந்தாவது அமர்வுக்குப் பின் ஒருமுறையும் அவரிடம் அதே மதிப்பீட்டுத் தாளைக் கொடுத்து நிரப்பி வாங்குங்கள். இரண்டுக்கும் வேறுபாடு இல்லையென்றால், திரையில் காட்டும் வரைபடம் எவ்வளவு அழகாக ஏறியிருந்தாலும், பதினாறாவது அமர்வுக்குப் போக வேண்டியதில்லை.